முட்டைக்கோஸ் இல்லாத ஊரில் ஒரு கேரட்

1937 ஆகஸ்ட் 21 அன்று ஸ்டாலினும் பிரதமர் மொலட்டோவும் கையெழுத்திட்ட ஓர் உத்தரவு, சோவியத் ஒன்றியத்தின் தூரக்கிழக்கில் இரண்டு மூன்று தலைமுறைகளாக வாழ்ந்துவந்த கொரியர்களை அங்கிருந்து மொத்தமாக அகற்றச் சொன்னது. அவர்களுக்குள் ஜப்பானிய உளவாளிகள் ஊடுருவுகிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். பனி விழத் தொடங்குவதற்குள் ஏறத்தாழ 1,72,000 பேர் சரக்கு ரயில் பெட்டிகளில் ஏற்றப்பட்டார்கள். ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கஜகஸ்தானிலும் உஸ்பெகிஸ்தானிலும் இறக்கிவிடப்பட்டார்கள். பலர் அந்த முதல் குளிர்காலத்தை மண்ணில் குழி தோண்டி, மேலே கூரை போட்டு, அதற்குள் கழித்தார்கள். வழியிலும் வந்த இடத்திலும் குழந்தைகளும் முதியவர்களும் நிறையப் பேர் இறந்தார்கள்.

பிழைத்தவர்கள் வயல் திருத்தி நெல் போட்டார்கள். சோறு வந்தது. சோற்றுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது வரவில்லை. கொரியர் சாப்பாட்டில் சோறும், காரமிட்டுப் புளிக்கவைத்த கிம்ச்சி என்ற ஊறுகாயும் பிரியாதவை. கிம்ச்சிக்குச் சீன முட்டைக்கோஸ் வேண்டும். இறங்கிய இடத்தில் அது கிடைக்கவில்லை. கிடைத்தது கேரட். மத்திய ஆசியாவில் புலவு சோறு கேரட் இல்லாமல் ஆகாது என்பதால் சந்தை முழுக்க அது குவிந்துகிடக்கும். நாளடைவில் கொரியப் பெண்கள் அந்தக் கேரட்டை எடுத்து நூல் நூலாகச் சீவினார்கள். உப்பிட்டு வைத்து நீரைப் பிழிந்தார்கள். பூண்டு, மிளகாய்த்தூள், வினிகர், அந்த ஊரில் தாராளமாகப் புழங்கிய கொத்தமல்லி விதை எல்லாம் சேர்த்து, மேலே காய்ந்த எண்ணெயைச் சுர்ரென்று ஊற்றிப் பிசைந்தார்கள். அதற்கு விழுந்த பெயர் ‘மர்கோவ்ச்சா’. முற்பாதி கேரட்டுக்கான ரஷ்யச் சொல், பிற்பாதி சீவிய காய்க்கான கொரியச் சொல்.

வெளிநாட்டில் ஊர்ச் சாப்பாடு தேடுவதைப் பற்றிப் பேச வந்துவிட்டு இதில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. நாம் இந்தத் தேடலை வழக்கமாக ஒரு கடை விலாசமாகவே நினைக்கிறோம்: எங்கே விற்கிறார்கள், எந்த நாள் வருகிறது, யார் ஊருக்குப் போகிறார்கள், பெட்டியில் இடம் இருக்குமா. அந்தக் கேள்விகள் நியாயமானவைதான். ஆனால் பெயர்ந்துபோன மனிதர்களின் வரலாற்றைப் புரட்டினால், பொருளைத் தேடிக் கண்டுபிடித்தவர்களைவிட, கிடைத்ததை ஊர் முறைக்கு வளைத்தவர்களே அதிகம் தென்படுகிறார்கள். கண்டம் தாண்டி உயிரோடு வந்து சேருவது பெரும்பாலும் பொருள் அல்ல, பக்குவம். எது வழியிலேயே நின்றுவிடுகிறது, எது வந்து சேர்கிறது, ஏன் என்பதை விளக்குவதே இந்தக் கட்டுரையின் வேலை.

நாக்கு எப்போது பழகுகிறது

முதலில் ஒரு குற்ற உணர்ச்சியைக் கழற்றிவைக்க வேண்டும். போன இடத்துச் சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னால், நாக்கை வளர்த்துவிட்டாய், எதையும் தின்னப் பழகு என்பார்கள். ஏதோ செல்லம் கொடுத்துக் கெட்டுப்போனதுபோல. உடம்பு அப்படி வேலை செய்வதில்லை.

சுவை என்று நாம் சொல்வதில் நாக்கின் பங்கு கொஞ்சம்தான். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, மாமிசச் சாறு போன்ற உமாமி, இவற்றோடு நாக்கு நின்றுவிடுகிறது. மீதியெல்லாம் மணம். மெல்லும்போது தொண்டைக்குப் பின்வழியாக மூக்குக்கு ஏறும் காற்றுதான் ஒரு பண்டத்தை அந்தப் பண்டமாக அடையாளம் காட்டுகிறது. சளி பிடித்த நாளில் எல்லாம் சப்பென்று போவது அதனால்தான். பார்வையும் ஒலியும் தொடுகையும் மூளையில் தாலமஸ் என்ற நடுநிலையத்தில் இறங்கி, பிறகு மேலே போகின்றன. மணம் மட்டும் அங்கே இறங்காமல், உணர்ச்சிக்குரிய அமிக்டலாவையும் நினைவுக்குரிய ஹிப்போகேம்பஸையும் நேரடியாகத் தொடுகிறது. பதினைந்து வருடம் கழித்து ஒரு வாசனை முகத்தில் அறைந்து கண் கலங்குவதற்கு உடற்கூறே வழி செய்துவைத்திருக்கிறது.

இந்தப் பழக்கம் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறது என்பதற்கு நல்ல ஆய்வு ஒன்று உண்டு. அதிலும் கேரட்தான். பிலடெல்பியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தில் ஜூலி மெனெல்லாவும் உடன் ஆய்வாளர்களும் செய்து 2001-இல் வெளியிட்டது. கர்ப்பிணிகளில் ஒரு பிரிவினர் கடைசி மூன்று மாதக் காலத்தில், வாரத்துக்கு நான்கு நாள், தலைக்கு 300 மில்லி வீதம், மூன்று வாரம் கேரட் சாறு குடித்தார்கள். இன்னொரு பிரிவினர் பிரசவத்துக்குப் பின், பால் கொடுக்கும் காலத்தில் குடித்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு வெறும் தண்ணீர். குழந்தைகள் கூழ் குடிக்கும் பருவம் வந்ததும் கேரட் சாற்றில் கரைத்த கூழைக் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் இரண்டு பிரிவுக் குழந்தைகள் முகம் சுளித்தது குறைவு. அதாவது அம்மா தின்றதின் மணம் பனிக்குட நீர் வழியாகவும் தாய்ப்பால் வழியாகவும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஊர்ச் சுவை என்பது நாம் தேர்ந்தெடுத்த ஒன்றே அல்ல. பேச்சுக்கு முன்பே கற்ற மொழி அது.

1688-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் யோகான்னஸ் ஹோஃபர் என்ற இளம் மருத்துவர் ஒரு நோய்க்குப் பெயர் வைத்தார். வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி ‘நாஸ்டால்ஜியா’ என்றார். ஊரை விட்டுப் போனவர்கள் ஏக்கத்தால் தூக்கமும் தெம்பும் கெட்டு இளைத்துப்போவதைப் பார்த்து எழுதினார். இன்று அந்தச் சொல் பழைய பாட்டுக் கேட்டு உருகுவதற்குப் பயன்படுகிறது. அதை ஒரு மருத்துவர் நோயாக எடுத்துக்கொண்டார் என்பதை நான் மரியாதையோடு நினைத்துப் பார்க்கிறேன்.

எல்லையில் நிற்கும் நாய்

தேவையான பொருள் வந்து சேராமல் போவதற்கு முதல் காரணம் சட்டம். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து, அம்மா கட்டிக்கொடுத்ததை எடுத்துக் குப்பையில் போடும்போது ஏற்படும் வலி சாதாரணமானதல்ல. அந்த அதிகாரி கல்நெஞ்சர் என்றே தோன்றும். ஆனால் அவர் பக்கத்துக் கதையும் பெரியது.

1957-இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அங்கோலாவிலிருந்து போர்ச்சுகலுக்கு வந்தது. வந்த வழி, விமானத்தில் மிஞ்சிய சாப்பாடு. லிஸ்பன் விமான நிலையத்தை ஒட்டிய பண்ணைகளில் அதைப் பன்றிகளுக்குப் போட்டார்கள். 1960-இல் நோய் மீண்டும் உள்ளே வந்து, ஸ்பெயினும் போர்ச்சுகலும் உள்ள ஐபீரியத் தீபகற்பத்தில் வேரூன்றியது. 1990-கள் வரை அதை முழுதாகப் பிடுங்க முடியவில்லை. 2001-இல் பிரிட்டனில் கோமாரி பரவியபோது அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடு, மாடு, பன்றிகளைக் கொன்று எரித்தார்கள், புதைத்தார்கள். எச்சில் சாப்பாட்டைச் சரியாகக் கொதிக்கவைக்காமல் பன்றிக்குப் போட்ட ஒரு பண்ணையில் அது தொடங்கியதாக விசாரணையில் தெரிந்தது. ஒரு துண்டு இறைச்சிக்குள் அவ்வளவு அழிவு உட்கார்ந்திருக்க முடியும். 2022-இல் இந்தோனேசியாவில் கோமாரி பரவிய நேரத்தில், பாலியிலிருந்து ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்கு வந்த ஒரு பயணியின் பையில் மோப்ப நாய் முட்டையும் மாட்டிறைச்சியும் வைத்த இரண்டு பன்னைக் கண்டுபிடித்தது. அபராதம் 2,664 ஆஸ்திரேலிய டாலர்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பயணி இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவரக் கூடாது என்பது பொது விதி. சில அண்டை நாடுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. செடி, விதை, பழம் ஆகியவற்றுக்கு வேறு பயம்: பூச்சியும் செடி நோயும். அமெரிக்கா 1968-இல் சிச்சுவான் மிளகை நிறுத்தியது. நாக்கை மரத்துப்போகச் செய்யும் அந்தச் சிறு காய் எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் வழியாகக் கருகல் நோய் வந்து ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்துவிடும் என்ற கவலை. 2005-இல் தடை விலகியது. ஆனால் சூடாக்கிக் கொல்ல வேண்டியதைக் கொன்ற பிறகே அனுப்பலாம் என்ற நிபந்தனையோடு. மிளகின் வாசனை எண்ணெய் வெப்பத்தில் பறக்கும் இனம். ஆக, பொருள் வந்தது, மணம் கொஞ்சம் கடலிலேயே தங்கிவிட்டது. ஸ்காட்லாந்துக்காரர்களின் ஹாகிஸ் என்ற இறைச்சிப் பண்டத்துக்கு ஆட்டு நுரையீரல் வேண்டும். அமெரிக்கா 1971-இல் கால்நடை நுரையீரலை மனித உணவாக விற்பதையே தடை செய்துவிட்டது. அங்கே ஹாகிஸ் செய்கிறவர்கள் நுரையீரல் இல்லாமல் செய்கிறார்கள்.

இதிலிருந்து நடைமுறையாக எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. எந்த நாட்டு எல்லையிலும் இறைச்சி, பால், பச்சை இலை, முளைக்கக்கூடிய விதை ஆகிய நான்கும் சந்தேகத்துக்குரியவை. முழுதாகக் காய்ந்தது, வறுத்து அரைத்தது, தொழிற்சாலையில் மூடி முத்திரையிட்டது ஓரளவு தப்பும். கையில் இருப்பதைப் படிவத்தில் எழுதிக் காட்டினால் பல நாடுகளில் போவது பொருள் மட்டும்தான். மறைத்துச் சிக்கினால் அபராதம், சில நேரம் விசாவே போகும். எழுதிவிடுங்கள்.

எத்தனை பேர் இருந்தால் ஒரு கடை

சட்டம் அனுமதித்தாலும் கடைக்காரருக்குக் கட்டுப்படியாக வேண்டும். இது முழுக்கத் தலைக்கணக்கு. பத்துக் குடும்பம் உள்ள ஊரில் யாரோ ஒருவர் மாதம் ஒருமுறை பெருநகரம் போய் எல்லாருக்கும் வாங்கி வருவார். நூறு குடும்பம் வந்ததும் ஒரு வீட்டின் முன்னறை கடையாகும். முதலில் வருவது ஆண்டுக்கணக்கில் கெடாத தானியமும் பொடியும் பாட்டிலும். பிறகு உறைபெட்டி வந்து சேரும். பச்சைக் காய்கறி கடைசியில்தான்; மூன்று நாளில் விற்காவிட்டால் நட்டம் என்பதால் அதற்குக் கூட்டம் நிலையாக இருக்க வேண்டும். ஒரு கடையில் உங்கள் ஊர்ப் பச்சை இலை வாடாமல் இருக்கிறதென்றால், அந்த வட்டாரத்தில் உங்கள் ஆட்கள் எவ்வளவு பேர் என்பதை அந்த இலையே சொல்லிவிடும்.

பிரிட்டனில் போலந்துக்காரர்கள் விஷயத்தில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். 2001 கணக்கெடுப்பின்போது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் போலந்தில் பிறந்தவர்கள் ஏறத்தாழ 58,000 பேர். 2004 மே மாதம் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்து வேலைக்கு வரும் வழி திறந்தது. 2011-இல் 5,79,000 பேர். சிறு நகரங்களின் கடைத்தெருவிலும் போலந்துக் கடை முளைத்தது. பெரிய பேரங்காடிகள் தனி அலமாரியே ஒதுக்கின. அதற்கு முன்னும் அந்தத் தொத்திறைச்சிக்கும் ஊறுகாய்க்கும் ஏங்கியவர்கள் அங்கே இருந்தார்கள்தான். ஏக்கம் மாறவில்லை, எண்ணிக்கை மாறியது.

எண்ணிக்கை சேராத ஊரில் தனியாக மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வழி: பெயரைத் தேடாமல் உறவைத் தேடுவது. ஒரே வெப்பநிலையில் விளையும் பொருள்களைப் பல நாட்டுச் சமையல் பங்குபோட்டுக்கொள்கிறது. உங்கள் நாட்டுக் கடை இல்லாத ஊரில் வியட்நாமியர் கடையோ, மேற்கு ஆப்பிரிக்கர் கடையோ, துருக்கியர் கடையோ இருக்கும். அதே கிழங்கு, அதே பயறு வேறு பெயரில், வேறு அட்டைப்படத்தோடு அங்கே இருக்கும். தாவரவியல் பெயரைத் தெரிந்துவைத்துக்கொள்வது இங்கே நிஜமாகவே உதவுகிறது.

அதே மாவு, அதே பால், ஆனால் அதே இல்லை

எல்லாம் கிடைத்தும் சரியாக வராதபோதுதான் மனசு நிஜமாக விட்டுப்போகும். சமைத்தவர் தன் கையையே குற்றம் சொல்வார். பெரும்பாலான நேரம் கை அல்ல காரணம்.

மாவை எடுத்துக்கொள்வோம். கோதுமை மாவு எல்லா நாட்டிலும் வெள்ளையாகத்தான் இருக்கும். புரதம் எட்டொன்பது சதவீதம் உள்ள மாவு பொலபொலவென்று உடையும். பன்னிரண்டு பதின்மூன்று சதவீதம் உள்ளது ரப்பராக இழுக்கும். முன்னதில் ரொட்டி எழாது, பின்னதில் கேக் கல்லாகும். பாக்கெட்டில் எண் போட்டிருக்கிறதே என்று நம்பினால் அது வேறு கணக்கு. ஜெர்மனியில் 405, 550 என்று எழுதியிருப்பது நூறு கிராம் மாவை எரித்தால் மிஞ்சும் சாம்பலின் மில்லிகிராம் அளவு. தவிடு எவ்வளவு நீங்கியது என்பதை அது காட்டும். ஜெர்மனியின் 550-ஐ பிரான்ஸில் 55 என்பார்கள். புரதத்தைத் தெரிந்துகொள்ளப் பாக்கெட்டின் பின்பக்கச் சத்து அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.

பாலில் ஏடு கட்டவில்லை என்பது இன்னொரு குறை. கொழுப்புத் துளிகளை அழுத்தத்தில் உடைத்துப் பொடியாக்கிவிடுவதால் அவை மேலே மிதந்து வருவதில்லை. அதற்கென்று ஒரு சொல்லும் அட்டையில் இருக்கும், ஹோமோஜெனைஸ்டு. மாதக்கணக்கில் வெளியே வைக்கக்கூடிய பால், 135 டிகிரிக்கு மேல் ஓரிரு நொடி சூடுகண்டது. அதில் லேசான தீய்ந்த வாசம் இருக்கும். பாலாடைக்கட்டிக்கு உறைநொதி ஊற்றினால் கெட்டியாக உறையாது. எந்தப் பதத்துக்கு எந்தப் பால் என்று தெரிந்தால் பாதி ஏமாற்றம் குறையும்.

பயறு வேகவில்லையா? தண்ணீரைப் பாருங்கள். கடினநீரில் உள்ள கால்சியம், பயற்றின் தோலில் உள்ள பெக்டினைப் பிடித்து இறுக்கிவிடும். அதே நீர்தான் தேநீரின் மேல் பழுப்பாக ஆடை போடவைக்கிறது. மலை மேல் உள்ள ஊரென்றால் கொதிநிலையே கீழே இறங்கிவிடும், ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம். 3,600 மீட்டர் உயரத்தில் உள்ள பொலிவியாவின் லா பாஸில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. எவ்வளவு எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்குமேல் சூடு ஏறாது. குக்கர் இல்லாமல் அங்கே பயறு வேகவைப்பது பொறுமைக்குச் சோதனை.

புளிக்கவைக்கும் பண்டங்கள் இன்னும் நுட்பமானவை. மாவிலும் காயிலும் வேலை செய்யும் நுண்ணுயிர்களுக்கு வெதுவெதுப்பு வேண்டும். இருபது டிகிரி வீட்டில் அவை சோம்பிக் கிடக்கும். குழாய்நீரில் குளோரின் அதிகமென்றால் இன்னும் மந்தமாகும். தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துப் பயன்படுத்துவதும், பாத்திரத்தை உள்விளக்கு மட்டும் எரியும் ஓவனுக்குள் வைப்பதும் உலகம் முழுவதும் குளிர்நாட்டுச் சமையலறைகளில் தானாகக் கண்டுபிடிக்கப்பட்ட வழிகள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. தமிழில் கைமணம் என்கிறோம். கொரிய மொழியிலும் ‘சோன்மாத்’ என்று ஒரு சொல் உண்டு, கைச்சுவை. இது வெறும் பாசப் பேச்சு என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். 14 நாடுகளைச் சேர்ந்த 15 ரொட்டிக்காரர்களிடம் ஒரே மாவைக் கொடுத்து, அவரவர் ஊரில் புளிமாவு வளர்க்கச் சொல்லி, பிறகு எல்லாரையும் பெல்ஜியத்துக்கு வரவழைத்து ஆய்வு செய்தார்கள். முடிவு 2020-இல் வெளிவந்தது. அந்த ரொட்டிக்காரர்களின் கைகளில் மற்றவர் கைகளில் மிகக் குறைவாகவே காணப்படும் லாக்டிக் பாக்டீரியாக்கள் குடியிருந்தன. மாவு கைக்குக் கொடுக்கிறது, கை மாவுக்குக் கொடுக்கிறது. ஓர் அம்மா பெட்டியில் ஒன்றுமே கொண்டுவராமல் வந்து இறங்கி ஒரு வாரம் சமைத்தால் வீட்டு வாசம் மாறிவிடுவதற்கு அனுபவமும் பக்குவமும்தான் பெரும்பங்கு. கையிலேயே ஏதோ இருக்கிறது என்றால் அதையும் இனி மறுப்பதற்கில்லை.

டப்பாவுக்குள்ளும் விண்கலத்துக்குள்ளும்

பொருளை அப்படியே கொண்டுபோய்ச் சேர்ப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு மீண்டும் கிம்ச்சியிடமே போகலாம். வியட்நாம் போரில் அமெரிக்காவுக்குத் துணையாகத் தென்கொரியா அனுப்பிய படை, உச்சத்தில் ஐம்பதாயிரம் பேர். அவர்களுக்கு அமெரிக்க ராணுவச் சாப்பாடு இறங்கவில்லை. 1967-இல் தென்கொரிய அதிபர் பார்க் சுங்-ஹீ, அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனிடம் தன் வீரர்களுக்குக் கிம்ச்சி கிடைக்க வழி செய்யுமாறு கேட்டார். இரண்டு நாட்டுத் தலைவர்களுக்கிடையே, ஒரு போரின் நடுவே, ஊறுகாய் பற்றிய பேச்சு. டப்பாவில் அடைத்த கிம்ச்சி போர்க்களத்துக்குப் போனது. டப்பாவைக் கெடாமல் வைக்கச் சூடாக்க வேண்டும். சூடாக்கினால் கிம்ச்சியை வளர்க்கும் உயிர்கள் சாகும், மொறுமொறுப்பு போய்விடும். உயிருள்ள பண்டத்தை மூடிவைப்பதன் சிக்கல் அது.

அதே சிக்கல் 2008 ஏப்ரலில், தென்கொரியாவின் முதல் விண்வெளி வீராங்கனை யி சோ-யோன் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போனபோது இன்னும் கடுமையாக வந்து நின்றது. புளிக்கும் பண்டம் வாயுவை வெளியிட்டுப் பையை வெடிக்கச் செய்யலாம். விண்வெளிக் கதிர்வீச்சில் பாக்டீரியாக்கள் என்ன ஆகும் என்ற கவலை வேறு. கொரிய ஆய்வு நிலையங்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து, கதிர்வீச்சால் நுண்ணுயிர் நீக்கிய கிம்ச்சியை உருவாக்கின. பூமியை விட்டு அவர் போனது பதினொரு நாள்தான். பதினொரு நாளுக்கு இவ்வளவா என்று கேட்கலாம். முதல் வாரத்தை வெளிநாட்டில் தனியாகக் கழித்தவர்கள் கேட்கமாட்டார்கள்.

அரசாங்கங்களின் பலம் இல்லாதவர்கள் கேரட் வழியில்தான் போனார்கள். 1908-இல் கசாட்டோ மாரு கப்பலில் பிரேசிலின் சான்டோஸ் துறைமுகத்தில் இறங்கிய 781 ஜப்பானியர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும், உப்பில் ஊறப்போடும் புளிப்பான உமே காய் கிடைக்காததால், புளிச்சக்கீரை இனத்துச் செம்பருத்தியின் சிவந்த இதழ்மூடிகளை உப்பிட்டு வைத்தார்கள். புளிப்பும் சிவப்பும் உப்பும் சேர்ந்துவிட்டன. வியட்நாமை விட்டுக் கப்பலேறி அகதியாக வெளியேறிய டேவிட் ட்ரான், 1980-இல் லாஸ் ஏஞ்சலஸில் மிளகாய்ச் சாந்து செய்யத் தொடங்கியபோது, அங்கே கிடைத்த மிளகாயை எடுத்துக்கொண்டார். தன்னைச் சுமந்த ‘ஹுய் ஃபாங்’ கப்பலின் பெயரையே நிறுவனத்துக்கு வைத்தார். நூடுல்ஸ் கிண்ணத்துக்குச் சரியான காரம் இல்லையே என்று தவித்த தன் ஆட்களுக்காகச் செய்த அந்தச் சாந்து, பிறகு அமெரிக்கச் சாப்பாட்டு மேசைக்கே உரியதாகிவிட்டது.

எது அசல்

மாற்றிச் செய்ததைப் பார்த்து, இது அசல் இல்லை என்று முகம் சுளிப்பவர்கள் எல்லாச் சமூகத்திலும் உண்டு. எனக்கு அந்த வாதத்தில் உடன்பாடில்லை. 1880-க்கும் 1914-க்கும் இடையில் லட்சக்கணக்கான தெற்கு இத்தாலியர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள். பெரும்பாலோர் ஏழை விவசாயிகள். ஊரில் வெள்ளை ரொட்டியும் இறைச்சியும் பண்டிகை நாள் சாப்பாடு. போன இடத்தில் இறைச்சி மலிவு. ஆகவே இறைச்சி உருண்டைகள் பெரிதாயின, அவற்றை ஸ்பகெட்டியின் மேலேயே குவித்தார்கள். இத்தாலியிலிருந்து இன்று வரும் பயணி அது எங்கள் சாப்பாடே இல்லை என்கிறார். அவர் சொல்வது உண்மை. ஆனால் அந்தத் தட்டில் இருப்பது ஏழை வீட்டில் வருடத்துக்கு இரண்டு முறை கண்ட பண்டிகை, தினசரி ஆகிவிட்ட மகிழ்ச்சி. அதைப் போலி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஊரில் இருக்கும் அசலும் எங்கிருந்தோ வந்ததுதான். கிம்ச்சியின் சிவப்புக்குக் காரணமான மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொரியாவுக்கு வந்தது 16-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித்தான். இறுகச் சுருண்ட சீன முட்டைக்கோஸ் அங்கே பரவியது கடந்த நூற்றைம்பது ஆண்டுகளுக்குள். அந்த நாட்டு மண்ணுக்கேற்ற நல்ல முட்டைக்கோஸ், முள்ளங்கி விதைகளை 1950-களில் உருவாக்கிக் கொடுத்த அறிவியலாளர் ஊ ஜாங்-சுன், டோக்கியோவில் பிறந்து ஜப்பானில் வளர்ந்தவர். 1950-இல், ஐம்பது வயதைக் கடந்த பிறகுதான் தந்தையின் நாட்டுக்கு வந்தார். கொரிய மொழி அவருக்குச் சரளமாக வராது. இன்றைக்குக் கொரியாவின் அடையாளமாக நிற்கும் ஒரு காய், வெளியே பிறந்து வந்த ஒருவர் கையால் செம்மையானது.

இதோடு இன்னொரு நிஜமும் உண்டு. விட்டுவந்த ஊரும் நிற்பதில்லை. பத்து வருடம் கழித்துத் திரும்பிப்போய், அந்த ருசி எங்கே என்று தேடுகிறவர்களைப் பார்க்கிறோம். ஊரில் எண்ணெய் மாறியிருக்கும், விதை மாறியிருக்கும், சமைத்தவர் போய்ச் சேர்ந்திருப்பார். வெளியே போனவர் கிளம்பிய வருடத்துப் பக்குவத்தை விடாமல் பிடித்து வைத்திருப்பார். பாட்டியின் முறை கடல் கடந்த வீட்டில் பிழைத்து, பாட்டியின் தெருவில் மறைந்துபோவது நடக்கக்கூடியதுதான்.

கேரட்டின் கதை எங்கே போனது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மத்திய ஆசியாவில் பிறந்த மர்கோவ்ச்சா, கொரியப் பெண்களின் சந்தைக் கடைகள் வழியாகச் சோவியத் ஒன்றியம் முழுக்கப் பரவியது. ரஷ்யாவில் இன்று அதை ‘கொரியக் கேரட்’ என்றே சொல்கிறார்கள். அதற்கென்று தனித் துருவிப்பலகையும் மசாலாப் பொட்டலமும் விற்கிறார்கள். கொரியாவில் அப்படி ஒரு பண்டமே இருந்ததில்லை.

சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு, 1937-இல் ரயிலேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரர்களும் வேலை தேடித் தென்கொரியாவுக்கு வரத் தொடங்கினார்கள். குவாங்ஜு நகரின் வோல்கோக் பகுதியிலும் தலைநகர் சியோலுக்குத் தெற்கே ஆன்சானிலும் அவர்கள் கூட்டமாகக் குடியிருக்கிறார்கள். பலருக்குக் கொரிய மொழி தெரியாது, ரஷ்ய மொழி பேசுகிறார்கள். முன்னோரின் நாட்டுக்கு வந்து இறங்கியவர்களுக்கு, எந்தத் தெருவிலும் மலைபோல் கிம்ச்சி குவிந்திருந்தும், ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏக்கம் வந்தது. அவர்களின் ஊர் உஸ்பெகிஸ்தான். அவர்கள் அம்மா பிசைந்தது கேரட். இப்போது அந்தத் தெருக்களில் சிரிலிக் எழுத்தில் பெயர்ப்பலகை மாட்டிய கடைகள் இருக்கின்றன. தந்தூரில் சுட்ட வட்ட ரொட்டிக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் டப்பாக்களில், நூலாகச் சீவிய கேரட் விற்கிறது.